இரும்பில்லாத வளையங்கள்: கைவிடப்பட்ட வெடிபொருள் ஆலை ஒன்றை இனங்கண்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டி மணல்மேடும் சதுப்பும் கலந்து கிடந்த ஒரு பெரிய நிலப்பரப்பு அது. பல பத்தாண்டுகளாக மேய்ச்சலைத் தவிர வேறெதற்கும் பயன்படவில்லை. முட்புதர்களுக்கு நடுவே வளைய வடிவ மண்மேடுகள், பாதி சரிந்த செங்கல் சுவர்கள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத குட்டைக் கல்தூண் வரிசை ஒன்று. நிலம் கைமாறியபோது, புதிய உரிமையாளர் மேடுகளைச் சமப்படுத்தி நடைபாதைகளுடன் ஒரு திறந்தவெளிப் பூங்கா அமைக்க விரும்பினார். இடிக்கும் முன் அவை என்னவென்று பதிவு செய்ய வேண்டும் என்று அனுமதி தரும் அலுவலகம் நிபந்தனை விதித்தது. அந்த வேலை எங்கள் குழுவிடம் வந்தது. நில அளவையாளர் ஒருவர், தொழிலகத் தொல்லியலில் பயிற்சி பெற்ற இருவர், ஓய்வுபெற்ற வேதிப்பொறியாளர் ஒருவர் என நால்வர் கொண்ட சிறிய குழு.

எங்களிடம் தரப்பட்ட முன்னறிக்கை அந்த இடத்தைப் பழைய கடற்கரைப் பீரங்கித் தளம் என்று குறிப்பிட்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் விசாரித்தபோது இன்னொரு கதையும் கிடைத்தது. பெரிய வெடிப்பு ஒன்று நடந்தது, எல்லாம் ஒரே நாளில் சிதறிப்போனது, அன்றோடு அந்த இடத்தை விட்டுவிட்டார்கள் என்றார்கள். இரண்டு கதைகளையும் ஒரே மூச்சில் சொல்பவர்களும் இருந்தார்கள். பீரங்கித் தளத்தில் வெடிப்பு நடப்பது இயல்புதானே என்பது அவர்கள் வாதம்.

பொக்லைன் இயந்திரம் வரவேண்டிய நாள் அதற்குள் குறிக்கப்பட்டிருந்தது. பதிவு வேலை என்பது சில படங்களும் ஓர் அளவை வரைபடமும் என்ற அளவில் முடிந்துவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

முதலில் கண்டது

கோட்டை, பீரங்கித் தளம் போன்றவற்றுக்கு ஒரு முகம் உண்டு. எதிரி வரும் திசைக்கு அவை தங்கள் தடித்த பக்கத்தைக் காட்டும். முதுகுப்பக்கம் மெலிந்திருக்கும் அல்லது திறந்திருக்கும். இங்கே இருந்த மேடுகளுக்கு முகமே இல்லை. ட்ரோன் எடுத்த வான்படத்தில் பார்த்தபோது அவை கடலைப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு கட்டடத்தின் தரையை நான்கு பக்கமும் மூடியிருந்தது. மேட்டின் உச்சி, உள்ளே இருந்த கட்டடத்தின் கூரை விளிம்பைவிட உயரமாக இருந்திருக்க வேண்டும் என்று அளவுகள் காட்டின. உள்ளே நுழையும் வழி எதுவும் நேராக இல்லை. சுரங்கம் போல மேட்டைத் துளைத்து, நடுவில் ஒரு திருப்பம் திரும்பியே உள்ளே போனது.

பீரங்கியை நிறுத்த வேண்டுமானால் அடியில் பலமான கான்கிரீட் மேடை வேண்டும். இந்த வளையங்களுக்குள் இருந்ததோ மரக்கட்டடம் ஒன்றைத் தாங்கும் அளவுக்கான மெல்லிய அடித்தளம் மட்டுமே. வெளியே கனத்த மண், உள்ளே காகிதம் போன்ற சுவர். ஒரு பாதுகாப்புக் கட்டடத்துக்கு இந்த ஏற்பாடு தலைகீழாகத் தெரியும். உள்ளிருப்பதை வெளியிலிருந்து காப்பது நோக்கமாக இருந்தால் சுவரைத்தான் தடிப்பாகக் கட்டியிருப்பார்கள். வெளியுலகை உள்ளிருப்பதிடமிருந்து காப்பது நோக்கம் என்றால், இப்படித்தான் கட்டுவார்கள். கட்டடம் வெடித்தால் எறியப்படுவது கனமான கற்களாக இருக்கக் கூடாது என்பதற்காக லேசான மரச்சுவர். வெடிப்பின் வீச்சு பக்கவாட்டில் பாயாமல் மேல்நோக்கிப் போகட்டும் என்பதற்காகச் சுற்றிலும் மண்மேடு.

அடுத்து கவனித்தது இடைவெளியை. ஒரு சாதாரண ஆலையில் நிலத்துக்கு விலை உண்டு. கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும். இங்கே ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குப் போக நல்ல நடை நடக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளிகளும் ஒரே அளவில் இல்லை. சில மேடுகளுக்கு இடையே குறைவு, சிலவற்றுக்கு இடையே பல மடங்கு அதிகம். யாரோ ஒருவர் ஒவ்வொரு கட்டடத்திலும் எவ்வளவு வெடிபொருள் இருக்கலாம் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப தூரம் ஒதுக்கியிருக்கிறார். பிரிட்டனில் 1875ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இந்த வழக்கத்தை உரிம நிபந்தனையாகவே ஆக்கியது. எந்தக் கட்டடத்தில் என்ன வேலை, அதிகபட்சம் எவ்வளவு பொருள், எத்தனை ஆட்கள் என்பதெல்லாம் உரிமத்தோடு இணைந்த வரைபடத்தில் குறிக்கப்பட்டன. வேறு பல நாடுகளும் இதே போன்ற முறைக்கு வந்தன. ஆகவே வெடிபொருள் ஆலையைப் படிக்க வருபவர் கட்டடங்களை எண்ணுவதற்கு முன் வெற்றிடங்களை அளப்பது நல்லது.

வேலையை நிறுத்திய முடிவு

ஐயம் இந்த அளவுக்கு வலுத்தவுடன் களப்பணி நிறுத்தப்பட்டது. வளையங்களுக்குள் யாரும் போகக் கூடாது, புதர் வெட்டக் கூடாது, மண்ணில் எந்தக் கருவியும் இறங்கக் கூடாது என்று எழுத்துமூலமாக உரிமையாளருக்கும் அனுமதி அலுவலகத்துக்கும் தெரிவித்தோம். பொக்லைன் வரும் நாள் தள்ளிப்போனதில் உரிமையாளருக்கு வருத்தம் இருந்தது. ஒப்பந்தக்காரருக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்தாயிற்று என்றார். நூறாண்டுக்கு முந்தைய மருந்து இன்னுமா வெடிக்கும் என்றும் கேட்டார்.

நியாயமான கேள்வி. விடை, என்ன மருந்து என்பதைப் பொறுத்தது. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்து மழையில் நனைந்தால் உப்பு கரைந்து ஓடிவிடும். திறந்த வெளியில் பல பத்தாண்டு கிடந்த தூளால் பெரும்பாலும் ஆபத்தில்லை. பிக்ரிக் அமிலம் என்ற வெடிபொருள் அப்படியல்ல. அது சில உலோகங்களோடு சேர்ந்து, தன்னைவிட எளிதில் வெடிக்கக்கூடிய உப்புகளை உண்டாக்கும். டிஎன்டி மண்ணோடு தங்கி நிலத்தையும் நிலத்தடி நீரையும் கெடுக்கும். ஜெர்மனியின் ஸ்டாட்அலெண்டார்ஃபில் இரண்டாம் உலகப் போர்க்கால ஆலைகள் இருந்த நிலத்தை, போர் முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தூய்மைப்படுத்த வேண்டியிருந்தது. நைட்ரோகிளிசரின் எண்ணெய் போன்றது. தரைப் பிளவுகளிலும் வடிகால்களிலும் இறங்கித் தேங்கும். அதன் மேல் இரும்பு வாளி விழுந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இடத்தின் வரலாற்று மதிப்பு அப்போதைக்கு இரண்டாம் பட்சம். என்ன தயாரித்தார்கள் என்று தெரியாமல் எந்த மண்வெட்டியும் இறங்கக் கூடாது. எங்கே தயாரித்தார்கள் என்று தெரிந்தால், பெரும்பகுதி நிலத்தில் அச்சமின்றி நடக்கலாம். உரிமையாளரிடம் இதை இப்படியே விளக்கியபோது அவர் ஒப்புக்கொண்டார். காவல்துறை வழியாக வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவுக்குத் தகவல் போனது. அவர்கள் வரும்வரை, வளையங்களுக்குள் போகாமல், மண்ணைத் தோண்டாமல் என்னென்ன அறிய முடியுமோ அதை அறிவது என்று தீர்மானித்தோம்.

என்ன ஆலை?

கருமருந்து ஆலை என்ற ஊகம் சீக்கிரமே விழுந்தது. அங்கே பொருள்களைச் சேர்த்து அரைக்கும் ஆலைக்கல்லும் அதைச் சுழற்றும் நீரோட்டமும் வேண்டும். அரைக்கும் அறைகளுக்கு மூன்று பக்கம் தடித்த சுவரும் நான்காம் பக்கம் லேசான பலகையும் இருக்கும். அயர்லாந்தின் பாலின்காலிக்கிலும் இங்கிலாந்தின் வால்தம் ஆபியிலும் கால்வாய்களும் ஆலைச் சுவர்களும் இன்றும் அந்தத் தொழிலின் கையெழுத்தாக நிற்கின்றன. இந்தச் சதுப்பில் அப்படி எந்தத் தடமும் இல்லை. வெறும் கிடங்கு என்ற ஊகமும் நிலைக்கவில்லை. கிடங்குக்கு ரசாயனக் கழிவு எதற்கு?

வளையங்களுக்கு வெகு தொலைவில், நிலத்தின் ஒரு மூலையில், மேடு எதுவும் சூழாத பெரிய இடிபாடு இருந்தது. அங்கே சிதறிக் கிடந்த செங்கல் கருநீலமாக, கண்ணாடி போல இறுகச் சுட்டது. பக்கத்தில் தடித்த பீங்கான் குழாய்த் துண்டுகள். அமிலம் அரிக்காத பொருள்கள் இவை. அங்கிருந்து கிளம்பிய பாதை முழுவதும் செந்நீலக் கசடு கொட்டப்பட்டிருந்தது. அதன் மேல் புல்கூட முளைக்கவில்லை. கந்தக அமிலத்துக்காகப் பைரைட்டுக் கல்லை எரித்தால் மிஞ்சும் சாம்பல் இது என்று எங்கள் வேதிப்பொறியாளர் பார்த்தவுடனே சொன்னார். அதில் ஆர்சனிக் இருக்கும் என்றும், கையுறையின்றித் தொட வேண்டாம் என்றும் அதே மூச்சில் சேர்த்தார். பழைய ஆலைகள் இந்தக் கழிவைப் பாதை போடப் பயன்படுத்தியது வழக்கம்தான். செலவில்லாமல் கிடைத்த சரளை!

அமிலம் உண்டு என்றால் நைட்ரேற்றம், அதாவது ஒரு பொருளை அமிலத்தால் வெடிபொருளாக மாற்றும் வேலை, உண்டு. பஞ்சை நைட்ரேற்றினார்களா, நைட்ரோகிளிசரினுக்காகக் கிளிசரினையா, டிஎன்டிக்காக டொலுவினையா என்பதுதான் அடுத்த கேள்வி.

இதற்கு விடை நிலத்தின் சரிவில் இருந்தது. நில அளவையாளர் உயரங்களைக் குறித்து முடித்தபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. தட்டையான சதுப்பின் நடுவே ஒரே ஒரு செயற்கைக் குன்று. அதன் உச்சியில் ஒரு வளையம். அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு மெல்லிய வாய்க்கால் தடம், சீரான சரிவில் அடுத்த வளையத்துக்கு; அங்கிருந்து இன்னும் தாழ்வான ஒன்றுக்கு. நைட்ரோகிளிசரினைப் பம்பால் தள்ள யாரும் துணிவதில்லை. திருகு வைத்த குழாயும் ஆபத்து. திறக்கும்போது எழும் உராய்வே போதும். எனவே உச்சியில் தயாரித்து, திறந்த ஈய வாய்க்காலில் தானாக வழியவிட்டு, கீழே கழுவி, அதற்கும் கீழே வடிகட்டுவார்கள். புவியீர்ப்பைத் தவிர வேறு எந்த விசையும் அதைத் தொடாது. வால்தம் ஆபியில் இதற்கென்றே ஒரு குன்று இருந்தது. ஸ்காட்லாந்தின் ஆர்டியரில் ஆல்ஃபிரெட் நோபெல் 1871இல் ஆலைக்கு இடம் தேர்ந்தபோது மணற்குன்றுகள் நிறைந்த, ஆளரவமற்ற கடற்கரையைத் தேர்ந்ததற்கும் இந்தத் தொழிலின் தேவைகளே காரணம். அங்கே நைட்ரேற்றும் கலத்தின் வெப்பமானியைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டிய தொழிலாளிக்கு ஒற்றைக்கால் இருக்கை கொடுத்திருந்தார்கள். கண்ணயர்ந்தால் கீழே விழுவார், விழித்துக்கொள்வார். கலத்தின் சூடு எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்பதை அந்த இருக்கையே சொல்லிவிடுகிறது.

மிகைப்படுத்தவில்லை. இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரெரோ 1847இல் கண்டறிந்த இந்தத் திரவத்தின் ஆபத்தை அவரே எச்சரித்திருந்தார். 1864இல் ஸ்டாக்ஹோமின் ஹெலெனெபோர்கில் நடந்த வெடிப்பில் நோபெலின் தம்பி எமில் உள்பட ஐவர் இறந்தனர். திரவத்தை ஓர் உறிஞ்சும் மண்ணில் கலந்து அடக்கும் வழிக்கு, அதாவது டைனமைட்டுக்கு, நோபெல் 1867இல் காப்புரிமை பெற்றார்.

அந்த உறிஞ்சும் மண்தான் எங்கள் வழக்கில் சாட்சியாக வந்தது.

வெள்ளைத் தூள்

வளையங்களுக்கு வெளியே, தள்ளுவண்டித் தண்டவாளத்தின் தடம் தொடங்கும் இடத்தில், சிறிய சூளை ஒன்றின் அடிப்பாகம் இருந்தது. அதன் பக்கத்தில் முயல் வளை தோண்டிய மண்ணோடு வெளியே வந்திருந்தது ஒரு வெண்தூள். சுத்த வெள்ளை அல்ல. லேசான இளஞ்சிவப்புச் சாயல். விரலிடையே தேய்த்தால் மாவு போல மென்மை, ஆனால் எடையே இல்லை. உள்ளங்கை நிறைய அள்ளினாலும் கையில் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. சுண்ணாம்பாக இருக்கலாம் என்று நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம், நுரைக்கவில்லை.

டைனமைட்டுக்கான மண்ணின் பெயர் கீசல்கர். டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்து உண்டான மண். ஓடுகள் உள்ளே வெற்றாக இருப்பதால் தன் எடையைப் போல மூன்று மடங்கு நைட்ரோகிளிசரினை அது உறிஞ்சிக்கொள்ளும். முதல் டைனமைட்டில் மூன்று பங்கு திரவம், ஒரு பங்கு மண். மண்ணில் உள்ள ஈரமும் கரிமப் பொருளும் போக அதை முன்னதாகச் சூளையில் வறுப்பார்கள். அப்போது அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து இளஞ்சிவப்பேறும்.

மாதிரியை எங்கிருந்து எடுப்பது என்பதில் குழுவுக்குள் விவாதம் நடந்தது. மண்ணும் திரவமும் கலந்த கட்டடத்தில் எடுத்தால் சான்று ஐயத்துக்கு இடமின்றி இருக்கும் என்றார் ஒருவர். அதே காரணத்தால்தான் அங்கே எடுக்கக் கூடாது என்பது மற்றவர்கள் நிலை. சூளை, மண் வந்து இறங்கிய இடம். அது ஆபத்து எல்லைக்கு வெளியே இருக்கிறது, அதைச் சுற்றி மேடு இல்லை, அங்கே நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். நெருப்பு எரிந்த இடத்துக்கு நைட்ரோகிளிசரின் வந்திருக்க வழியில்லை. ஆலையைக் கட்டியவர்களின் எச்சரிக்கையையே எங்கள் பாதுகாப்பாக எடுத்துக்கொண்டு, சூளையருகில் மேற்பரப்பில் கிடந்த தூளை மட்டும் சேகரித்தோம்.

நுண்ணோக்கியில் டயட்டம் ஓடுகள் தெரிந்தன. அதோடு முடித்திருந்தால் வாதம் ஓட்டையாகவே இருந்திருக்கும். கழிமுகச் சேற்றில் எங்கே ஒரு துளி எடுத்துப் பார்த்தாலும் டயட்டம் இருக்கும். அது அவற்றின் இயல்பான வாழிடம். எனவே சூளைத் தூளும், ஒப்பிடுவதற்காகச் சதுப்பின் சேறும் என இரண்டு மாதிரிகள் டயட்டம் வல்லுநர் ஒருவருக்கு அனுப்பப்பட்டன. சதுப்பின் சேற்றில் இருந்தவை உப்பு கலந்த நீரில் வாழும் இனங்கள், களிமண்ணோடும் மணலோடும் கலந்திருந்தன. சூளையருகே கிடந்த தூளில் இருந்தவை நன்னீர் ஏரியில் வாழும் இனங்கள். களிமண் கலப்பே இல்லை. இந்தக் கடலோரத்தில் அந்தத் தூள் தானாகத் தோன்றியிருக்க முடியாது; வேறெங்கோ பழைய ஏரிப்படுகையில் வெட்டியெடுத்துக் கப்பலேறி வந்திருக்க வேண்டும். அக்காலத்தில் வடக்கு ஜெர்மனியின் லூனெபுர்க் சமவெளியில் வெட்டிய நன்னீர்க் கீசல்கர் பல நாடுகளுக்குப் போனது. இது அங்கிருந்து வந்ததென்று உறுதிப்படுத்தும் அளவுக்கு எங்கள் மாதிரி பெரிதல்ல. இறக்குமதியான கீசல்கர் என்பதில் மட்டும் ஐயமில்லை.

செயலிழப்புப் பிரிவு வந்த பிறகு

வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் எங்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்கள். குன்று, வாய்க்கால், கழுவும் இடம், கலக்கும் இடம் என்று வரிசை தெரிந்ததால், எந்த வளையத்தில் முதலில் கவனம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. அவர்கள் கால்வைத்த பாதையில் மட்டும், அவர்கள் மேற்பார்வையில், காந்தமானி அளவை நடந்தது. மண்ணைத் தொடாமலேயே அடியில் உள்ள இரும்பையும் சுட்ட மண்ணையும் காட்டிக்கொடுக்கும் கருவி அது.

அமிலப் பகுதியின் படம் முழுக்க இரும்பின் கூர்மையான புள்ளிகள். வளையங்களுக்குள் மௌனம். ஆண்டுக்கணக்கில் மனிதர்கள் வேலை செய்த ஒரு கட்டடத்தில் ஒரு ஆணி, ஒரு கீல், ஒரு தாழ்ப்பாள் கூட இல்லாமலிருப்பது இயல்பல்ல. இரும்பு உரசினால் பொறி பறக்கும். ஆகவே ஆபத்துக் கட்டடங்களில் செம்பு ஆணி, வெண்கலக் கீல், மரமுளை. உள்ளே போகிறவர் வாசலில் தன் காலணியைக் கழற்றி, ஆணியில்லாத காலணிக்கு மாறுவார். ஒரு சுரங்க வழியின் திருப்பத்தில், மேலோட்டமாகவே ஒரு செம்பு ஆணியும் மடிந்த ஈயத் தகட்டுத் துண்டும் கிடைத்தன. ஈயத் தகடு எங்கள் வேதிப்பொறியாளரை நெடுநேரம் பிடித்துவைத்தது. அதன் இணைப்பில் பற்றாசு இல்லை. ஈயத்தை ஈயத்தாலேயே உருக்கி ஒட்டியிருந்தார்கள். பற்றாசில் உள்ள வெள்ளீயத்தை அமிலம் அரித்துவிடும் என்பதால் அமிலத் தொழிலில் இதுதான் முறை. தகட்டின் ஓர் ஓரம் சுவர்மேல் ஏறுவதுபோல மடக்கப்பட்டிருந்தது. சிந்திய எண்ணெய் பலகை இடுக்கில் இறங்காமல் இருக்கத் தரை முழுவதும் ஈயம் போர்த்தியிருக்கிறார்கள்.

குட்டைக் கல்தூண் வரிசைக்கும் அப்போது பொருள் கிடைத்தது. அமிலப் பகுதிக்கு அருகே இருந்த கொதிகலன் கூடத்திலிருந்து அது ஒவ்வொரு வளையத்துக்கும் கிளை பிரிந்தது. நைட்ரோகிளிசரின் சுமார் 13 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். உறைந்த டைனமைட்டை இளக்கப்போய் இறந்தவர்கள் அக்காலத்தில் ஏராளம். கட்டடத்தைச் சூடாக வைத்திருக்க வேண்டும், ஆனால் நெருப்பு கிட்டே வரக் கூடாது. தூண்கள் சுமந்தது வெந்நீர்க் குழாயை.

ஒரே நாளில் அழிந்ததா?

காந்தமானிப் படத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. இரும்பின் கூர்முனைகள் இல்லையே தவிர, ஏறக்குறைய எல்லா வளையங்களின் தரையிலும் மங்கலான, பரவலான ஒரு மாற்றம். மண் சுடுபட்டதன் அடையாளம். முயல் வளைகளின் ஓரத்தில் கரித்துண்டுகளும் தெரிந்தன. ஊர்க்கதைக்கு இது சான்று என்று உரிமையாளர் மகிழ்ந்தார்.

ஆனால் வெடிப்பும் தீயும் வெவ்வேறு தடங்களை விடுகின்றன. வெடித்த கட்டடத்தின் தரை மிஞ்சாது, மேட்டின் உள்முகம் கிழியும். இங்கே ஏறக்குறைய எல்லா மேடுகளின் உள்முகமும் சீராக இருந்தது, தரையும் இருந்தது. வெடிபொருள் ஆலையை மூடும்போது, மரத்தில் ஊறிய மருந்தைப் போக்க ஆபத்துக் கட்டடங்களை ஒவ்வொன்றாக எரித்துவிடுவது வழக்கம். சுடுபட்ட தரைகள் அந்த ஒழுங்கான முடிவின் தடயங்கள்.

விதிவிலக்கு ஒன்று இருந்தது. குன்றின் சரிவில் ஒரு வளையத்தின் ஒரு பக்கம் முழுவதும் இல்லை. நடுவில் நீர் நிரம்பிய குழி. அதற்குச் சற்றுத் தள்ளி, அதே வாய்க்காலில் இருந்து ஒரு புதிய கிளை பிரிந்து புதிய வளையம் ஒன்றுக்குப் போனது. வெடிப்பு நடந்தது உண்மை. அதன் பிறகு ஆலை பக்கத்திலேயே மறுபடி கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறது. அடுத்த மேடுகள் எதுவும் சேதமடையவில்லை என்பது, அந்த இடைவெளிகளைக் கணக்கிட்டவரின் திறமைக்குக் கிடைத்த, அவர் விரும்பியிருக்காத சான்றிதழ்.

ஆவணங்கள்

களத்தில் முடிவுக்கு வந்த பிறகே ஆவணக் காப்பகத்தில் தேடல் பலன் தந்தது. அதுவரை கடற்கரைப் பாதுகாப்பு, படைத்தளம் என்ற தலைப்புகளில் தேடியதால் எதுவும் அகப்படவில்லை. டைனமைட், நிறுவனக் கலைப்பு, உரிமம் என்று தேடலை மாற்றியதும், கலைக்கப்பட்ட நிறுவனம் ஒன்றின் காகிதக் கட்டுக்குள் எண்ணிட்ட கட்டடங்களோடு உரிம வரைபடம் கிடைத்தது. குன்று, வாய்க்கால், சூளை எல்லாம் எங்கள் அளவையோடு பொருந்தின. நாங்கள் வண்டிக் கொட்டகைகள் என்று குறித்திருந்த சிறு மேடுகளின் வரிசை, டைனமைட்டைக் குச்சிகளாக அடைக்கும் குடில்கள் என்று தெரிந்தது. ஒரு குடிலுக்கு மிகச் சில ஆட்களே அனுமதிக்கப்பட்டிருந்தனர். நாங்கள் இயற்கைக் குட்டை என்று நினைத்த ஒன்று, கழுவிய நீரில் மிஞ்சிய எண்ணெய் படிவதற்கான தொட்டியின் இடம்.

இந்தக் கடைசித் தகவல் செயலிழப்புப் பிரிவுக்கு அன்றே அனுப்பப்பட்டது.

விளைவு

படிவுத் தொட்டியின் அடிச்சேற்றில் நைட்ரோகிளிசரின் எச்சம் சிறிதளவு இருப்பதாக ஆய்வகம் உறுதி செய்தது. அந்தப் பகுதி வேலியிடப்பட்டு, தகுதி பெற்ற குழுவால் பின்னர் தூய்மைப்படுத்தப்பட்டது. முதல் திட்டத்தின்படி பொக்லைன் வேலையைத் தொடங்க இருந்தது அந்தக் குட்டையைத் தூர்ப்பதில்தான். கசடுப் பாதையில் ஆர்சனிக்கும், ஈய வாய்க்கால் தடத்தில் ஈயமும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. நடைபாதை அவற்றைத் தவிர்த்து மேற்குப் பக்கமாகத் திருப்பப்பட்டது. மேடுகளைச் சமப்படுத்தும் திட்டம் கைவிடப்பட்டது. காரணம் பாரம்பரிய உணர்வு மட்டுமல்ல. அவற்றை அகற்றி மண்ணைப் பரிசோதித்து அப்புறப்படுத்தும் செலவைவிட அப்படியே விட்டுவைப்பது மலிவு. உரிமையாளர் இதை மறைக்காமல் சொன்னார். பாதுகாக்கப்பட்ட பல இடிபாடுகளின் கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் குழுவுக்குள் தீராமல் நின்றது. பழைய வெடிப்பு கழுவும் கட்டடத்திலா, வடிகட்டும் கட்டடத்திலா என்பதில் எங்கள் வேதிப்பொறியாளரும் நில அளவையாளரும் உடன்படவில்லை. உரிம வரைபடம் வெடிப்புக்குப் பிந்தையது என்பதால் அதனால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. அறிக்கையில் இரண்டு கருத்துகளும் பதிவாகியுள்ளன.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

உயர அளவை முதல் நாளே தொடங்க வேண்டும். கட்டட இடிபாடுகளைப் படமெடுத்து வகைப்படுத்துவதில் செலவான காலத்தில் அந்த ஒரு குன்றும் அதன் சரிவும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். சரிவு வரைபடத்துக்கு யாரும் வளையத்துக்குள் இறங்க வேண்டியதும் இல்லை, வானிலிருந்தே எடுக்கலாம்.

நீர் தேங்கும் பள்ளம் எதுவானாலும், அது எதற்கு உரியது என்று நிறுவப்படும் வரை ஆலையின் பகுதி என்றே கொள்ள வேண்டும். திரவம் கையாளும் வெடிபொருள் ஆலையில் மிக ஆபத்தான இடம் பெரும்பாலும் மிகத் தாழ்வான இடம். கட்டடங்களை எரித்து மூடியவர்கள்கூட வடிகாலையும் தொட்டியையும் எரிக்க முடியாது.

முன்னறிக்கை தரும் பெயரை ஆவணத் தேடலுக்கு அடிப்படையாகக் கொள்வதைத் தவிர்க்க வேண்டும். இது போன்ற ஆலைகள் பாதுகாப்புக் கருதி வரைபடங்களில் பெயரின்றி விடப்பட்டதுண்டு; படைத்தளம் என்ற பெயர் அந்த வெற்றிடத்தில் பிற்காலத்தில் ஒட்டிக்கொள்கிறது. அமிலம், கிளிசரின், கீசல்கர் என்று உள்ளே வந்த சரக்குகளின் வழியாகத் துறைமுகப் பதிவுகளிலும் நிறுவனப் பதிவுகளிலும் தேடுவது குறுக்குவழி.

மாதிரி எடுக்கும் விதியையும் எழுத்தில் சேர்த்திருக்கிறோம். மூலப்பொருள் நுழைந்த பக்கத்தில் எடுக்க வேண்டும். உற்பத்திப் பொருள் வெளியேறிய பக்கத்தில் செயலிழப்புப் பிரிவின் அனுமதியின்றி எடுக்கக் கூடாது. இரண்டு பக்கங்களையும் பிரிக்கும் கோடு, சூளை, கொதிகலன் போன்ற நெருப்பிடங்களில் கடைசியாக உள்ளதன் அருகே வரையப்படும்.